அக்டோபர் பன்னிரண்டு, அல் கோர் மெஸ்

அல் கோர் கேம்ப் மெஸ்ஸில்
ஆலிவ் எண்ணெய் இலவசம்.
மூடி தொலைந்த பாட்டில், கழுத்தெல்லாம் பிசுக்கு,
ஊறுகாய் வாளிக்கும் டிஷ்யூ டப்பாவுக்கும் நடுவே நிற்கும்.
நாங்கள் யாரும் தொடுவதில்லை.
மன்னார்குடிக்காரன் ஒருமுறை
தலையில் தேய்த்துப் பார்த்தான், அவ்வளவுதான்.

அனக்லேத்தோ மட்டும்
தினம் ஒரு கரண்டி
பருப்பின் மேல், ரொட்டியின் மேல்,
ஒருநாள் தர்பூசணித் துண்டின் மேலும்.
வாயு ஆலையில் என்னோடு வால்வு பார்ப்பவர்.
கினியா வளைகுடாவில் ஒரு தீவு, அங்கிருந்து
இந்த வளைகுடாவுக்கு வந்தவர்.
இரண்டும் ஒரே உப்பு என்பார்.
எங்கள் பொதுமொழி
பாதி ஆங்கிலம், கால் அரபி, மிச்சம் கை.

இன்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

அப்பா மூன்று முறை மனுப் போட்டார்.
கோக்கோ தோட்டத்தில் கணக்கு எழுதியவர்,
லத்தீனில் ஜெபம் தெரியும்.
ஆனாலும் சட்டப்படி சிறுவன்.
ஐந்து பிள்ளை பெற்ற சிறுவன்.
இவன் வயது வந்தவன்தான் என்று
ஸ்பானிய அதிகாரி கையெழுத்திட்டால்தான்
கடையில் இந்த எண்ணெய் தருவான்.
முள்கரண்டியால் சாப்பிடுவாயா என்று கேட்டார்கள்.
பன்றிக்கறியை வெட்டிக் காட்டினார்.
அடுத்த முறை, தூங்குவது கட்டிலா பாயா என்றார்கள்.
மூன்றாம் முறை கேள்வியே இல்லை,
அதிகாரி விடுமுறையில் போயிருந்தார்.

என் சட்டைப் பையில்
ஊருக்குப் போக அனுமதி கேட்ட தாளின் நகல்.
எனக்கு நாற்பத்து மூன்று வயது.
கஃபீல் லண்டனில் இருக்கிறாராம்.
நான் அதை வெளியே எடுக்கவில்லை.

ஐம்பத்தொன்பதில் ஒரு காலை
இனி எல்லோரும் ஸ்பானியர்களே என்றது ரேடியோ.
அப்பா அன்றே ஒரு பாட்டில் வாங்கினார்,
அரை மாதச் சம்பளம்.
அம்மா சேப்பங்கிழங்கில் ஊற்றித் தின்று பார்த்து
கசக்கிறது என்றாள்.
மிச்சத்தைக் கதவுக் கீலுக்கு விட்டாள்.

அறுபத்தெட்டில் வாக்கெடுப்பு.
சித்தப்பா 'ஆம்'. அப்பா 'இல்லை'.
ஸ்பெயின் மேல் அவ்வளவு பிரியமா என்றேன்.
அட, போப்பா.
எங்கள் தீவு சின்னது, அக்கரையில் பெருங்கூட்டம்.
ஆள் மாறும், சாட்டை மாறாது என்று பயந்தார்.
ஓட்டுப் போட்டு வந்து இரண்டு பேரும்
ஒரே தட்டில் மீன் தின்றார்கள்,
முள்ளை எண்ணிக்கொண்டு.

பிறகு இதே தேதி.
எனக்குப் பத்து வயது. மழை.
இறங்க வேண்டிய கொடி நனைந்து
கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது.
ஒரு சிப்பாய் ஏறி
வாழைப்பழம் உரிப்பது மாதிரி உரித்தான்.
சிரித்தோம்.
வேண்டாம் என்ற அப்பாதான்
எல்லோரையும் விடச் சத்தமாக.

உங்கள் மொழியில் அதற்கு என்ன சொல்?

விடுதலை என்றேன்.
விதுதலே, என்றார். நாக்கு மடங்கவில்லை.
உடைத்துச் சொல் என்றார்.
தமிழ் வாத்தியார் கேட்டால் பிரம்பெடுப்பார்,
ஆனாலும் உடைத்தேன்:
விடு என்றால் விட்டுவிடு,
தலை என்றால் இது.
தொட்டுக் காட்டினேன்.

தலையை விட்டுவிடுவதா?

கேட்டுவிட்டு
கண்ணாடிக்கு வெளியே மணல் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எழுபத்தொன்றில்
அப்பாவை ஜீப்பில் ஏற்றிப் போனவர்கள்
எங்கள் மொழி பேசத் தெரிந்தவர்கள்.
முள்கரண்டி பற்றி
ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரவு ஷிப்ட் பஸ் ஹார்ன் அடித்தது.
இரண்டாம் முறையும் அடித்தது.
அவர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.
மிஞ்சிய சோற்றில் நாலு சொட்டு விட்டுக்கொண்டேன்.
கசக்கத்தான் செய்தது.

ஹெல்மெட்டுகள் வாசல் ஆணியில்.
அவருடையது 2217, என்னுடையது 2218.
இருட்டில் மாற்றி மாட்டிக்கொண்டு
கேட்டில்தான் கவனித்தோம்.